அக்கிலீஸை எப்படி வீரன் என்பது?

நீங்கள் கேட்டது இது: "இலியட்டை முதல்முறையாகப் படித்து முடித்தேன். அக்கிலீஸ் முக்கால்வாசிக் காவியம் கோபித்துக்கொண்டு கூடாரத்தில் இருக்கிறான், தாயைக் கூப்பிட்டு அழுகிறான், கடைசியில் செத்துப்போன எதிரியைத் தேரில் கட்டி இழுக்கிறான். இவனை எப்படி வீரன் என்று இத்தனை நூற்றாண்டுகளாகக் கொண்டாடுகிறார்கள்? உலகத்துக் காப்பிய நாயகர்கள் எல்லோரும் ஒரே அச்சில் வார்த்தவர்கள் என்கிறார்களே, அது உண்மையா? அடுத்து எதைப் படிக்கலாம்?" இதற்கு அடியில் இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது. நல்லவன் என்று சொல்ல முடியாத ஒருவனைக் காப்பியம் ஏன் நடுவில் நிறுத்துகிறது, நிறுத்தும்போது அவனிடம் எதைக் கண்டு மதிக்கிறது என்பதுதான் உங்களை உறுத்துகிறது. அதற்குத்தான் பதில் எழுத முயல்கிறேன். ஒப்பிலக்கியம் கற்பிப்பது என் தொழில். தமிழை மூலத்தில் படிக்கிறேன். கிரேக்கம், லத்தீன், பாரசீகம் எல்லாம் மொழிபெயர்ப்பு வழியாகத்தான். அதனால் அந்த மொழிகளின் ஓசை அழகைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. கதை எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது, எந்த இடத்தில் நிற்கிறது, எந்த இடத்தில் முடிகிறது என்பதைத் தைரியமாகச் சொல்ல முடியும்.

அச்சு பற்றிய கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். 1936இல் லார்ட் ராக்லன் என்ற ஆங்கிலேயர் நாயகர்களின் வாழ்க்கையில் திரும்பத் திரும்ப வரும் 22 அம்சங்களைப் பட்டியல் போட்டார்: தாய் அரசகுலக் கன்னி, கருவுற்ற விதம் விசித்திரமானது, பிறந்ததும் கொல்லப் பார்ப்பார்கள், யாரோ எடுத்து வளர்ப்பார்கள், வளர்ந்து வந்து அரசைப் பிடிப்பான் என்று போகும். 1949இல் அமெரிக்கரான ஜோசப் கேம்பல் புறப்பாடு, சோதனை, திரும்புதல் என மூன்று கட்டங்களாகச் சுருக்கினார். திரைக்கதை எழுதுகிறவர்கள் கையில் எடுத்ததால் அது எங்கும் பரவிவிட்டது. ஒற்றுமைகள் பொய்யல்ல. பேழையில் வைத்து ஆற்றில் விடப்பட்ட குழந்தையைக் கர்ணன் கதையிலும் பார்க்கிறோம், அக்காட் அரசன் சர்கோன் கதையிலும் பார்க்கிறோம். ஆனால் இந்த அச்சு நாயகனின் வாழ்க்கைக் குறிப்புக்குப் பொருந்துகிற அளவுக்குக் காப்பியத்துக்குப் பொருந்துவதில்லை. ஹோமர் பாடியதாகச் சொல்லப்படும் கிரேக்கக் காப்பியமான இலியட்டில் அக்கிலீஸ் பிறப்பதுமில்லை, வீடு திரும்புவதுமில்லை. கிரேக்கர்கள் டிராய் நகரோடு நடத்திய பத்தாண்டுப் போரின் கடைசி ஆண்டில் சில வாரங்கள் மட்டுமே நடக்கிற கதை அது. பிரெஞ்சுக் காப்பியத்தின் ரோலான் கணவாயிலேயே சாகிறான். கண்ணகி திரும்பி வந்து எந்த ஊரையும் ஆளவில்லை. பிறந்து, போய், வருகிற எதையும் விழுங்கிக்கொள்கிற அளவுக்கு அகலமான வலை அது; அதில் எது சிக்கினாலும் பெரிதாக ஒன்றும் தெரிந்துவிடாது.

காப்பியங்களை ஒன்றின் பக்கத்தில் ஒன்று வைத்துப் பார்க்க எனக்கு உதவியது வேறொரு இடம். செத்துக் கிடக்கும் உடலுக்கு முன்னால் நாயகன் என்ன செய்கிறான் என்று பாருங்கள். கொல்லும் திறமை எல்லா நாயகனுக்கும் உண்டு. அதை வைத்து ஒருவனிடமிருந்து இன்னொருவனைப் பிரித்தறிவது கஷ்டம். வில்லின் பெயரும் வாளின் பெயரும்தான் மாறும். கொன்ற பிறகு, அல்லது தன்னவனைப் பறிகொடுத்த பிறகு, அவன் கைகள் என்ன செய்கின்றன என்பதில்தான் ஒவ்வொரு காப்பியமும் தன் நாயகனை எடைபோடுகிறது. இது என் வாசிப்பு. எல்லா அறிஞரும் ஒப்புக்கொண்ட சித்தாந்தம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பொருந்தாத இடங்களையும் சொல்கிறேன்.

இலியட்டையே எடுத்துக்கொள்வோம். அக்கிலீஸ் ஹெக்டரின் உடலை இழுப்பதைப் பார்த்து உங்களுக்கு வந்த அருவருப்பு நவீன மனிதனுக்கு மட்டும் வருவது இல்லை. அந்தக் காவியமே அதை உங்களுக்கு ஊட்டுகிறது. கணுக்காலுக்கும் குதிகாலுக்கும் நடுவே நரம்பைத் துளைத்து வார் கோத்துத் தேரில் கட்டுகிறான். ஹெக்டர் கொன்ற தன் நண்பன் பட்ரோக்ளஸின் சமாதியைச் சுற்றி மும்முறை இழுத்துவிட்டு, புழுதியில் குப்புறப் போட்டுவிட்டுப் போகிறான். மறுநாளும் அதையே செய்கிறான். தெய்வங்கள் அந்த உடல் சிதையாமல் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார்கள். கடைசியில் அப்பல்லோ தேவர் சபையில் எழுந்து, அக்கிலீஸிடம் இரக்கம் செத்துவிட்டது, உடன்பிறந்தவனையும் பெற்ற பிள்ளையையும் இழந்தவர்கள்கூட அழுது ஓய்கிறார்கள், இவன் ஓயவில்லை, பேச்சில்லாத மண்ணை இழிவுபடுத்திக்கொண்டிருக்கிறான் என்று சாடுகிறான். ஆக, உங்கள் குற்றச்சாட்டை ஹோமர் தெய்வத்தின் வாயிலேயே வைத்துவிட்டார். உடலைத் திருப்பிக் கொடு என்று தெய்வங்களின் அரசன் சீயஸிடமிருந்து உத்தரவும் வந்துவிடுகிறது.

அதற்குப் பிறகு வருவது 24ஆம் பகுதியின் நடு. ஹெக்டரின் தந்தை பிரியம், கிழவன், டிராய் நகரின் அரசன், மீட்புப் பொருளை வண்டியில் ஏற்றிக்கொண்டு இரவில் எதிரிப் பாசறைக்குள் வருகிறான். யாரும் கவனிக்குமுன் அக்கிலீஸின் முழங்காலைப் பிடித்து, தன் மகன்கள் பலரைக் கொன்ற அந்தக் கைகளை முத்தமிடுகிறான். "உன் தகப்பனை நினைத்துப் பார், அவனும் என் வயதுக்காரன்தான்" என்கிறான். அக்கிலீஸ் கிழவனை மெதுவாகத் தள்ளுகிறான். இருவரும் அழுகிறார்கள், ஒருவன் மகனுக்காக, மற்றவன் ஊரில் தனியாகக் கிடக்கும் தகப்பனுக்காகவும், இறந்த நண்பனுக்காகவும். இத்துடன் அவன் சாதுவாகிவிட்டான் என்று நினைக்காதீர்கள். உடலை உடனே கொடு என்று பிரியம் அவசரப்பட்டதும் அக்கிலீஸ் முறைக்கிறான், என்னைச் சீண்டாதே என்கிறான். அவன் தன்னை அறிந்தவன். அதனால்தான் உடலைக் கிழவனின் கண்ணில் படாத இடத்துக்கு எடுத்துப் போய்க் கழுவச் சொல்கிறான். மகனைக் கண்டதும் தகப்பன் ஆத்திரத்தில் ஏதாவது சொல்லிவிட, தானும் ஆத்திரத்தில் அவனைக் கொன்றுவிடுவோமோ என்ற பயம். மீட்புப் பொருளாக வந்த துணிகளில் இரண்டு மேலாடையும் ஓர் அங்கியும் உடலைப் போர்த்துவதற்கென்று எடுத்து வைக்கப்படுகின்றன. கழுவி எண்ணெய் பூசியதும் அக்கிலீஸே குனிந்து, இழுத்து இழிவுபடுத்திய அதே உடலைத் தன் கையால் தூக்கிப் பாடையில் வைக்கிறான். உடலைக் கொடுக்க வேண்டும் என்பதுதான் தெய்வத்தின் உத்தரவு. தன் கையால் தூக்கி வைக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. பிறகு பிரியமைச் சாப்பிட வைத்து, ஈமக்கடனுக்கு எத்தனை நாள் வேண்டும் என்று கேட்கிறான். ஒன்பது நாள் அழுவோம், பத்தாம் நாள் எரிப்போம், பதினோராம் நாள் மேடு எழுப்புவோம், வேண்டியிருந்தால் பன்னிரண்டாம் நாள் சண்டை போடுவோம் என்கிறான் கிழவன். சரி என்று அவன் கையைப் பிடித்து வாக்குக் கொடுக்கிறான் அக்கிலீஸ்.

டிராய் விழுவது இலியட்டில் இல்லை. மரக்குதிரை இல்லை. அக்கிலீஸின் சாவும் இல்லை. ஹெக்டரின் ஈமக்கடனோடு கதை நிற்கிறது. கிரேக்கர்கள் பாடிய காவியம் எதிரியின் சிதையில் முடிகிறது என்பதை யோசித்துப் பாருங்கள். கோபத்தில் தொடங்கிய பாட்டு, கோபம் எந்த எல்லை வரை போகும் என்று காட்டி, அந்த எல்லையிலிருந்து ஒருவன் எவ்வளவு திரும்பி வர முடியும் என்றும் காட்டிவிட்டு நின்றுவிடுகிறது. அக்கிலீஸை நாயகனாக்குவது அந்தத் தூரம். அவனைப் பின்பற்று என்று ஹோமர் சொல்லவில்லை. மனிதனிடம் இருக்கிற சக்தி இவனிடம் அளவுக்கு மீறி இருக்கிறது, அது போகிற திசையெல்லாம் பாருங்கள் என்கிறார்.

இதே காட்சியை எழுநூறு ஆண்டுகள் கழித்து ரோமில் வர்ஜில் எடுத்துத் திருப்பிப் போட்டார். அவருடைய ஏனீட் காப்பியத்தின் கடைசியில், நாயகன் ஏனியாஸிடம் தோற்ற துர்னஸ் தொடையில் ஈட்டி பாய்ந்து மண்டியிட்டுக் கிடக்கிறான். பிரியமின் வாதத்தையே அவன் சொல்கிறான்: உனக்கும் ஒரு தகப்பன் இருந்தான், என் கிழத் தகப்பனுக்காக இரங்கு, என்னையோ, உயிர் வேண்டும் என்றால் எடுத்துக்கொண்டு என் உடலையோ, என்னவர்களிடம் கொடுத்துவிடு. ஏனியாஸ் தயங்குகிறான், கை நிற்கிறது. அப்போது துர்னஸின் தோளில், தன் இளம் தோழன் பல்லஸைக் கொன்று எடுத்த கச்சை கண்ணில் படுகிறது. வாளைச் செருகிவிடுகிறான். காவியம் அந்த வரியோடு முடிந்துவிடுகிறது, ஈமக்கடன் கிடையாது. இதே ஏனியாஸ் இரண்டு பகுதிகளுக்கு முன்பு, தன் தகப்பனைக் காக்க வந்து செத்த லாசஸ் என்ற எதிரி இளைஞனின் உடலைத் தன் கையால் தரையிலிருந்து தூக்கிக் கொடுத்தவன். அக்கிலீஸ் கடைசியில் செய்ததை இவன் முன்னாலேயே செய்துவிட்டான். கடைசியில் செய்ய முடியாமல் போகிறது. வர்ஜில் இதைக் கண்டனமாக எழுதினாரா, பல்லஸின் தகப்பனுக்குப் பட்ட கடனைத் தீர்த்த நியாயமாக எழுதினாரா என்று அறிஞர்கள் இன்றும் இரு கட்சியாக நிற்கிறார்கள். அவர் கி.மு. 19இல் காவியத்துக்கு இறுதி மெருகேற்றாமலே இறந்துபோனதால், முடிவு இப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தாரா என்ற சந்தேகமும் சிலருக்கு உண்டு. கடைசிக் காட்சி முழுவதும் இலியட்டின் கடைசிப் பகுதியை நினைத்துக்கொண்டே எழுதப்பட்டது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

கம்பனிடம் வந்தால் பகைவனின் உடல் இன்னும் பெரிய இடத்தைப் பிடிக்கிறது. இராவணன் விழுந்த பிறகு கம்பன் முதலில் பார்ப்பது அவன் முகங்களை. சினம் அடங்க, மனம் அடங்க, மயல் அடங்க என்று ஒவ்வொன்றாக அடக்கிக்கொண்டே வந்து, "மும்மடங்கு பொலிந்தன அம் முறைதுறந்தான் உயிர்துறந்த முகங்கள் அம்மா" என்கிறான். முறை துறந்தவன் என்ற தீர்ப்பும் அங்கேயே இருக்கிறது, உயிரோடு இருந்தபோது இருந்ததைவிட மூன்று மடங்கு அழகு என்ற வியப்பும் அங்கேயே இருக்கிறது. ஒன்றுக்காக மற்றொன்றைக் கம்பன் விட்டுக்கொடுக்கவில்லை. அடுத்து இராமன் உடலின் அருகே வருகிறான். இராவணன் முதுகில் புண் இருப்பதைப் பார்த்து அவன் முகம் வாடுகிறது. புறமுதுகு காட்டியவனையா நான் கொன்றேன், இந்த வெற்றிக்கு என்ன மதிப்பு என்று நாணுகிறான். அது திசை யானைகளின் கொம்பு மார்பில் தைத்ததால் வந்த பழைய வடு, ஓடும்போது பட்டதல்ல என்று வீடணன் விளக்கிய பிறகுதான் மனம் தெளிகிறது. வென்றவன் தன் வெற்றியின் மதிப்பைத் தோற்றவனின் உடலில் தேடிப் படிக்கிறான். பிறகு, பகை முடிந்தது, முறைப்படி கடன்களைச் செய் என்று வீடணனுக்குச் சொல்கிறான். சாவோடு பகை முடிகிறது, உனக்கு அவன் எப்படியோ எனக்கும் அப்படியே என்ற பேச்சு வான்மீகியிலேயே இருக்கிறது. மண்டோதரியின் புலம்பலையும் விட முடியாது. "எள்ளிருக்கும் இடனின்றி" கணவன் உடலெங்கும் அம்பு துளைத்திருப்பதைப் பார்த்து, சானகி மேல் வைத்த காதல் உள்ளே எங்காவது ஒளிந்திருக்குமோ என்று தடவித் தேடியதா ஒருவன் வாளி, அதாவது அம்பு, என்று கேட்கிறாள். வகுப்பில் இந்தப் பாட்டை முடித்ததும் சற்று நேரம் யாரும் பேசுவதில்லை.

இதுவரை சொன்னது பகைவனின் உடல். தன்னவனின் உடல் முன்னால் நாயகன் உடைந்துபோவது இன்னும் பழைய கதை. பழைய மெசப்பொத்தேமியாவின் கில்கமேஷ் காவியம் நமக்குப் பெரும்பாலும் நினிவே நகரில் அசுர்பனிபால் மன்னனின் நூலகத்துக் களிமண் பலகைகள் வழியாகக் கிடைத்தது. நண்பன் என்கிடு இறந்ததும் கில்கமேஷ் அவன் நெஞ்சைத் தொட்டுப் பார்க்கிறான், துடிப்பு இல்லை. மணப்பெண்ணுக்குப் போடுவதுபோல முகத்தில் துணியை மூடுகிறான். குட்டியை இழந்த பெண் சிங்கம்போல முன்னும் பின்னும் அலைகிறான். ஆறு பகல் ஏழு இரவு, மூக்கிலிருந்து புழு விழும்வரை, புதைக்க விடவில்லை. அந்தப் புழுதான் கதையின் திருப்பம். நானும் இப்படிக் கிடப்பேனா என்ற பயத்தில் சாகா வரம் தேடிப் புறப்படுகிறான், கிடைக்காமல் திரும்புகிறான், கூட வந்த படகோட்டிக்குத் தன் ஊரின் மதிலைக் காட்டுகிறான். பலகைகள் உடைந்தவை என்பதால் காவியத்தில் இன்னும் ஓட்டைகள் உண்டு. 2014இல் வெளியிடப்பட்ட ஒரு பலகையில், காட்டுக் காவலன் ஹும்பாபாவைக் கொன்று மரங்களை வெட்டித் தள்ளிய பிறகு, காட்டைப் பாழாக்கிவிட்டோமே, தெய்வத்துக்கு என்ன பதில் சொல்வது என்று என்கிடு கேட்கும் வரிகள் கிடைத்தன. வெற்றி பெற்ற இடத்திலேயே வெற்றியைச் சந்தேகிப்பது பிற்காலத்து நாகரிகம் என்று நினைப்பவர்களுக்கு அது நல்ல பதில்.

இரண்டும் ஒன்றாகிற இடங்கள்தான் என்னை அதிகம் வதைப்பவை: பகைவன் என்று கொன்றவன் தன்னவனாக இருப்பது. ஃபிர்தௌசி 1010இல் முடித்த பாரசீகக் காப்பியமான ஷாநாமாவில் ருஸ்தம் களத்தில் தன் பெயரைச் சொல்ல மறுக்கிறான். முதல் மல்லில் இளைஞன் சொஹ்ராப் அவனைக் கீழே தள்ளிவிட, இரண்டாம் முறை விழுந்தால்தான் கொல்வது எங்கள் வழக்கம் என்று சொல்லித் தப்பிக்கிறான். அடுத்த முறை சொஹ்ராப் விழுந்ததும், தானே சொன்ன வழக்கத்தைத் தானே மீறி உடனே கத்தியைப் பாய்ச்சுகிறான். சாகும் இளைஞன், என் தகப்பன் ருஸ்தம் உன்னைச் சும்மா விடமாட்டான் என்கிறான். தோளில் கட்டியிருந்த அடையாளத்தை அவிழ்த்துப் பார்க்கும்போதுதான் தெரிகிறது. உயிர் காக்கும் மருந்தை அரசன் காவூஸிடம் கேட்டு ஆள் அனுப்புகிறான். தகப்பனும் மகனும் சேர்ந்தால் தன் சிம்மாசனம் நிற்காது என்று அரசன் தர மறுக்கிறான். ஈரானின் மாபெரும் வீரன் பொய்யால் வென்றான், வென்றதால் எல்லாம் இழந்தான். ஃபிர்தௌசி எதையும் மூடி மறைக்கவில்லை.

பாரதத்தில் யுதிஷ்டிரனுக்கு இது போர் முடிந்த பிறகு வருகிறது. கங்கைக் கரையில் இறந்தவர்களுக்கு நீர்க்கடன் கொடுக்கும்போது, கர்ணனுக்கும் கொடு, அவன் உன் மூத்தவன் என்கிறாள் குந்தி. சாந்தி பருவத்தின் தொடக்கத்தில் அவன் ஒன்றை நினைவுகூர்கிறான்: சூதாட்ட மண்டபத்தில் கர்ணன் கொடுஞ்சொல் பேசியபோது கோபம் பொங்கியது, ஆனால் அவன் பாதங்களைப் பார்த்ததும் அடங்கிவிட்டது, அவை என் தாயின் பாதங்களைப் போலவே இருந்தன, ஏன் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. நிலம் வென்றவன் காட்டுக்குப் போகிறேன் என்று நிற்கிறான். அவனைச் சமாதானப்படுத்த ஒரு பெரும் பருவமே வேண்டியிருக்கிறது. அவன் அழுவதைக் கோழைத்தனம் என்று பீமனும் அர்ஜுனனும் கடிகிறார்கள். அந்தக் குரலுக்கும் பாரதம் இடம் கொடுக்கிறது, ஆனால் கடைசி வார்த்தையை அதற்குக் கொடுக்கவில்லை.

ஜப்பானின் ஹெய்கே கதையைக் காப்பியம் என்று சொல்லலாமா என்ற வழக்கு உண்டு. உரைநடையும் இசையும் கலந்து, கண்பார்வையற்ற பாடகர்கள் பிவா என்ற வாத்தியத்தோடு பாடி வந்த போர்க்கதை அது. 1184இல் இச்சினோதானி கடற்கரையில் குமகாய் நாவோசானே ஓர் எதிரியைக் கீழே தள்ளித் தலைக்கவசத்தைக் கழற்றினால், தன் மகன் வயதுப் பையன் அத்சுமோரி. விட்டுவிட நினைக்கிறான், பின்னால் தன் படை வந்துகொண்டிருக்கிறது, தான் விட்டாலும் அவர்கள் விடமாட்டார்கள். அழுதுகொண்டே தலையை எடுக்கிறான். உடலில் ஒரு புல்லாங்குழல் கிடைக்கிறது. காலையில் எதிரிக் கோட்டையிலிருந்து கேட்ட இசை இவனுடையதுதான். இதனால் மனம் மாறித் துறவி ஆனான் என்கிறது கதை. அவன் துறவியானது உண்மை. ஆனால் காமகுராக் கால வரலாற்றுக் குறிப்பு, நிலத் தகராறு ஒன்றில் தோற்ற ஆத்திரத்தில் முடியைக் களைந்தான் என்கிறது. வரலாறு எது, காப்பியம் எது என்று பிரித்துப் பார்க்க இது நல்ல இடம். மக்கள் எந்தக் காரணத்தை வைத்துக்கொள்ள விரும்பினார்கள் என்பது எனக்கு அதே அளவு முக்கியமான செய்தி.

எல்லா இடத்திலும் பகைவனுக்கு இந்த மரியாதை கிடைப்பதில்லை. ரோலான் பாட்டில் நாயகன், தானே சாகும் தறுவாயில், விழுந்த தோழர்களின் உடல்களை ஒவ்வொன்றாகத் தேடிச் சுமந்து வந்து ஆர்ச்பிஷப் டர்பின் முன் வரிசையாக வைக்கிறான், அவர் கடைசி ஆசீர்வாதம் தருவதற்காக. நண்பன் ஆலிவரைத் தழுவி மூர்ச்சையாகிறான். மிகவும் உருக்கமான பகுதி. ஆனால் எதிரிப் பிணங்களுக்கு அந்தப் பாட்டில் முகமே கிடையாது. அவர்கள் தவறானவர்கள், நாம் சரியானவர்கள் என்று வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறது. 778இல் பிராங்கு அரசன் சார்லமேன் படையின் பின்பகுதியை உண்மையில் தாக்கியவர்கள் பாஸ்குகள், அவர்களும் கிறிஸ்தவர்கள்தான் என்பது பெரும்பாலோர் ஏற்ற செய்தி. சிலுவைப் போர்க் காலத்தில், ஏறத்தாழ 1100ஐ ஒட்டி, பாட்டு இன்றைய வடிவம் பெறும்போது அவர்கள் முஸ்லிம்களாகிவிட்டார்கள். எதிரியின் உடலைப் பார்க்கத் தேவையில்லாத காப்பியம் எப்படி உருவாகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. எனக்குப் பிடித்த காவியம்தான். இந்த ஒரு குறைக்காக அதை இலியட்டுக்குக் கீழே வைக்கிறேன்.

வாள் பிடிக்காதவர்களையும் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் பதில் பாதிதான். பின்லாந்தின் கலேவலாவில் லெம்மின்கைனன் வெட்டுண்டு மரண ஆற்றில் கிடக்கிறான். அவன் தாய் கொல்லனிடம் சொல்லி ஒரு பெரிய வாரியைச் செய்து வாங்கி, ஆற்றில் இறங்கி, மகனைத் துண்டு துண்டாக வாரி எடுத்துச் சேர்த்து வைக்கிறாள். தேனீயை அனுப்பித் தைலம் தேடி உயிர் கொடுக்கிறாள். அந்தக் காவியத்தில் இதைவிட வீரமான செயலை நான் காணவில்லை. லென்ரோட் நாட்டுப் பாடல்களைத் தொகுத்து 1835இலும், விரித்து 1849இலும் வெளியிட்டது அது என்பதால், எந்த வரி எவ்வளவு பழமை என்பதில் கவனம் தேவை. சிலப்பதிகாரத்தில் கண்ணகியின் வீரம் தொடங்குவதே கோவலன் உடல் முன்னால்தான். "பெண்டிரும் உண்டுகொல்", "சான்றோரும் உண்டுகொல்", "தெய்வமும் உண்டுகொல்" என்று அவள் கேட்பது அழுகையிலிருந்து வழக்காக மாறுகிற கணம். அதுவரை அவள் அதிகம் பேசியதில்லை. அங்கிருந்து நேரே அரண்மனைக்குப் போய் "தேரா மன்னா" என்று தொடங்குகிறாள். கையில் இருந்த ஆயுதம் ஒற்றைச் சிலம்பு.

என் அளவுகோல் தோற்கிற இடம் மாலி நாட்டின் சுந்தியாத்தா. 13ஆம் நூற்றாண்டில் பேரரசு அமைத்த மன்னனைப் பற்றி, க்ரியோ எனப்படும் பரம்பரைப் பாடகர்கள் இன்றும் வாய்மொழியாகப் பாடுவது. நாயகன் சிறு வயதில் நடக்க முடியாமல் தவழ்கிறான். தாயை ஒருத்தி அவமானப்படுத்தியதும் இரும்புத் தடியை ஊன்றி எழுகிறான், பாவோபாப் மரத்தையே பிடுங்கி வந்து தன் தாயின் வீட்டு வாசலில் வைக்கிறான். அவனுடைய பெரும் பகைவன் சுமாவுரோ தோற்று ஓடி, பரவலாகப் பாடப்படும் வடிவத்தில், மலைக்குள் மறைந்துவிடுகிறான். உடலே கிடைப்பதில்லை. இங்கே வீரம் சோதிக்கப்படுவது தாய்க்குக் காட்டும் மரியாதையிலும், பாடகனோடு உள்ள உறவிலும். பாடகன் இல்லாமல் அரசன் இல்லை என்று இந்தக் காப்பியம் திரும்பத் திரும்பச் சொல்கிறது.

அது காப்பிய வீரத்தின் இன்னொரு பக்கத்தை விளக்குகிறது. 1930களில் அமெரிக்க அறிஞர் மில்மன் பாரி யூகோஸ்லாவியாவில் எழுத்தறியாத பாடகர்கள் நெடுங்கதைகளைப் பாடுவதைப் பதிவு செய்தார். ஹோமரின் காவியங்களும் அத்தகைய வாய்மொழி மரபிலிருந்து வந்தவை என்பது இன்று பெரும்பாலும் ஏற்கப்பட்டது. ஹோமர் என்று ஒருவர் இருந்தாரா, எப்போது எழுத்தில் ஏறியது என்பதெல்லாம் இன்னும் வாதம்தான். பாடகன் கேட்போருக்குத் தர முடிந்தது புகழ் ஒன்றுதான். அதனால் நாயகர்களும் புகழுக்காகவே சாகிறார்கள். இறந்தவர்களின் உறவினரும் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பார்கள், உடல்கள் இவ்வளவு கவனமாகப் பாடப்படுவதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். இது என் ஊகம். ஆனால் புகழ் பற்றிக் காப்பியங்களுக்கே ஒரு சந்தேகம் இருந்தது. நீண்ட வாழ்வா அழியாப் புகழா என்று அக்கிலீஸ் யோசிப்பதை இலியட்டின் 9ஆம் பகுதியில் படித்திருப்பீர்கள். ஒடிஸியில் பாதாள உலகில் அவன் நிழல் சொல்கிறது: செத்தவர்களுக்கெல்லாம் அரசனாக இருப்பதைவிட, மண்மேல் ஏழை ஒருவனிடம் கூலிக்கு இருப்பது மேல். புகழைத் தேர்ந்தெடுத்து அதைப் பெற்றவனே சொல்கிறான்.

அடுத்து எதைப் படிக்கலாம் என்றால், ஒடிஸிக்கு உடனே தாவ வேண்டாம். இலியட்டின் 22, 24ஆம் பகுதிகளை இன்னொரு முறை படித்துவிட்டு, கம்பனின் யுத்த காண்டத்தில் இராவணன் வதைப் படலத்தை நல்ல உரையோடு படியுங்கள். விருத்தங்களை வாய்விட்டுப் படித்தால் பாதி தானாகப் புரியும். பிறகு கில்கமேஷ், சிறியது, ஓரிரு மாலையில் முடிந்துவிடும், உடைந்த வரிகளை அப்படியே காட்டும் மொழிபெயர்ப்பாகத் தேடுங்கள், இடைவெளிகளை நிரப்பி எழுதியதை முதலில் தொட வேண்டாம். ஷாநாமா மிகப் பெரியது. சொஹ்ராப் கதை தனிநூலாகக் கிடைக்கும், அதிலிருந்து தொடங்கலாம். ஏனீட்டைக் கடைசியில் வையுங்கள். அதன் முடிவு உங்களுக்குக் கோபம் தருமானால், எந்த வரியில் கோபம் வந்தது என்று இங்கே எழுதுங்கள். அதைப் பற்றிப் பேச எனக்கு ஆசை உண்டு.